ஸ்டேட்டஸ் தவறிய நாட்கள் இருக்கின்றனவா? அமெரிக்க கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டியவை: முழுமையான வழிகாட்டி

2019 ஜூலை 9-ஆம் தேதி இரவு, கம்பெனி வக்கீல் கேட்டார் என்பதற்காக என் ஐ-94-ஐ (எந்த நாள் வரை தங்கலாம் என்று காட்டும் நுழைவுப் பதிவு) முதல்முறையாக இணையத்திலிருந்து இறக்கினேன். தங்க அனுமதிக்கப்பட்ட கடைசி நாள் 2019 மார்ச் 14 என்று இருந்தது. என் எச்-1பி வேலை விசா மனுவோ 2020 செப்டம்பர் வரை செல்லும். ஏதோ பிழை என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: மார்ச் 14 என் பழைய பாஸ்போர்ட் காலாவதியான நாள். 2018 நவம்பரில் ஊரிலிருந்து திரும்பியபோது விமான நிலைய அதிகாரி என்னைப் பாஸ்போர்ட் முடியும் நாள் வரைதான் அனுமதித்திருக்கிறார். நான் பிப்ரவரியில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். மனைவி சமையலறைச் சுவரிலிருந்த கோயில் காலண்டரை எடுத்து வந்து, பென்சிலால் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு புள்ளி வைத்தாள். 117 புள்ளிகள்.

அதற்கு அடுத்த இரண்டு வாரங்கள் நான் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் 2020 அக்டோபரில் எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பமான ஐ-485 போய்ச் சேர்ந்தது. 2022-ல் கிரீன் கார்டு கையில் வந்தது. நடுவில் நான் கற்றுக்கொண்டதையும், அதன் பிறகு இதே பள்ளத்தில் விழுந்த நண்பர்களோடு உட்கார்ந்து படித்ததையும் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் அல்ல. வக்கீலிடம் சரியான காகிதங்களோடும் சரியான கேள்வியோடும் போய் நிற்க இது உதவும்.

முதல் படி: உங்களுக்கு எந்த வாசல்?

"ஸ்டேட்டஸ் (இங்கே சட்டப்படி தங்கும் நிலை) போய்விட்டது, இனி கிரீன் கார்டு கிடைக்குமா?" என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் கிடையாது. எந்தப் பிரிவில் விண்ணப்பிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே மன்னிப்பு இருக்கிறது.

அமெரிக்கக் குடிமகனின் கணவர் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளை, 21 வயது நிரம்பிய குடிமகனின் பெற்றோர் ஆகியோருக்குச் சட்டம் பெரிய மனது வைத்திருக்கிறது. அனுமதிக்கப்பட்ட நாளைத் தாண்டித் தங்கியது, அனுமதியின்றி வேலை செய்தது இரண்டும் அவர்களைத் தடுப்பதில்லை. ஆனால் கடைசியாக அமெரிக்காவுக்குள் வந்தபோது அதிகாரி முன் நின்று, சோதிக்கப்பட்டு, முறையாக உள்ளே விடப்பட்டிருக்க வேண்டும். இதிலும் ஒரு விலக்கு உண்டு. கப்பல் பணியாளர் விசாவில் வந்து இறங்கியவர்களுக்கு, குடிமகளை மணந்தாலும், நாட்டுக்குள் இருந்தபடியே ஸ்டேட்டஸ் மாற்றும் வழி பொதுவாக அடைபட்டிருக்கும். தூத்துக்குடிப் பக்கம் கப்பலுக்குப் போகிறவர்கள் நிறைய இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

வேலை வழியாக, அதாவது ஈபி-1, ஈபி-2, ஈபி-3 பிரிவுகளில் விண்ணப்பிப்பவர்களுக்கு 245(கே) என்ற சட்டப்பிரிவு இருக்கிறது. நம்மவர்களில் பெரும்பாலோருக்கு உதவுவது இதுதான், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியும் இதைப் பற்றித்தான். கடைசியாக முறைப்படி நாட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து கணக்கிட்டு, ஸ்டேட்டஸ் தவறிய நாட்களும், அனுமதியின்றி வேலை செய்த நாட்களும், விசா நிபந்தனையை மீறிய நாட்களும் மொத்தம் சேர்ந்து 180-ஐத் தாண்டாவிட்டால் அவை விண்ணப்பத்தைத் தடுக்காது.

கிரீன் கார்டு வைத்திருப்பவரின் கணவர் அல்லது மனைவியாக விண்ணப்பிப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அவர்களுக்கு 245(கே) பொருந்தாது. குடிமகனின் குடும்பத்துக்குரிய மன்னிப்பும் கிடையாது. பல வருடத்துக்கு முன் மாணவராக இருந்தபோது கல்லூரிக்கு வெளியே இரண்டு மாதம் கடையில் வேலை செய்தது கூட விண்ணப்பத்தைத் தடுக்கலாம். இப்படிப்பட்ட நிலையில், துணைவர் குடியுரிமை பெறும் வரை காத்திருந்து பிறகு விண்ணப்பிப்பதே பல சமயம் நல்ல வழி. அந்தக் காத்திருப்பில் எந்த ஸ்டேட்டஸில் இருப்பது என்பதை வக்கீலோடு பேசித் தீர்மானியுங்கள்.

பழைய 245(ஐ) பிரிவு ஒன்றும் உண்டு. 2001 ஏப்ரல் 30-க்குள் உங்களுக்காக யாராவது மனுவோ, லேபர் சான்று (அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்ற தொழிலாளர் துறைச் சான்று) விண்ணப்பமோ போட்டிருந்தால், 1,000 டாலர் அபராதம் கட்டி அதைப் பயன்படுத்தலாம். இன்றைக்கு இது சிலருக்கே பொருந்தும். ஆனாலும் அண்ணனோ மாமாவோ அந்தக் காலத்தில் மனுப் போட்ட ஞாபகம் இருந்தால் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாம் படி: காகிதங்களைத் திரட்டுங்கள்

ஞாபகத்தை நம்பி எந்தப் படிவத்தையும் நிரப்பாதீர்கள். சுங்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் ஐ-94 தளத்தில் தற்போதைய ஐ-94-ஐயும் பயண வரலாற்றையும் இலவசமாக எடுக்கலாம். எச்-1பி நீட்டிப்பு ஒப்புதல் கடிதத்தின் அடியிலும் ஒரு ஐ-94 இருக்கும். இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நீட்டிப்புக்குப் பிறகு வெளிநாடு போய்த் திரும்பினால், விமான நிலையத்தில் கடைசியாகக் கொடுத்த ஐ-94-தான் உங்களைக் கட்டுப்படுத்தும். கடிதத்தில் உள்ள பிந்தைய தேதியைப் பார்த்து நிம்மதியாக இருக்கக் கூடாது.

கூடவே எல்லா ஐ-797-களும் (குடியேற்றத் துறையின் ஒப்புதல், ரசீதுக் கடிதங்கள்), மாணவராக வந்திருந்தால் எல்லா ஐ-20-களும் (கல்லூரி தரும் சேர்க்கைச் சான்று), ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டைகளின் இரு பக்கமும், கடைசி நுழைவிலிருந்து இன்று வரையிலான பே ஸ்டப்புகளும் (சம்பளச் சீட்டுகள்), டபிள்யூ-2-களும் (ஆண்டுச் சம்பளச் சான்றுகள்) வேண்டும். வருமான வரித்துறை தளத்தில் பழைய வருடங்களின் வரி டிரான்ஸ்கிரிப்ட் கிடைக்கும். பழைய கம்பெனி மூடிப்போயிருந்தாலும் சம்பளம் வந்ததற்கு அது சாட்சி. உங்களைப் பற்றிக் குடியேற்றத் துறையிடம் என்ன கோப்பு இருக்கிறது என்று தெரியாவிட்டால், தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் இணையத்திலேயே கேட்கலாம். வந்து சேர நாளாகும் என்பதால் இதை முதலில் போட்டுவிடுங்கள்.

2011-ல் விசா மோசடிக்காக மூடப்பட்ட கலிபோர்னியாவின் ட்ரை-வேலி பல்கலைக்கழகத்திலோ, 2019-ல் அரசே நடத்திய பொறி என்று தெரியவந்த மிச்சிகனின் ஃபார்மிங்டன் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்திருந்தவர்கள் இந்தக் கோப்பு வராமல் அடுத்த அடி வைக்கவே வேண்டாம். அரசின் பதிவில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பது உங்கள் ஞாபகத்தைவிட முக்கியம்.

மூன்றாம் படி: நாட்களை எண்ணுங்கள்

இதில் அவசரப்படக் கூடாது. ஒரு பெரிய தாளில் கடைசியாக முறைப்படி நுழைந்த தேதியை மேலே எழுதுங்கள். அதற்கு முன் நடந்தது 245(கே) கணக்கில் வராது. ஆனால் அட்வான்ஸ் பரோல் (விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போய்த் திரும்பத் தரும் அனுமதி) ஆவணத்தில் திரும்பி வந்திருந்தால் அதைச் சட்டம் "அனுமதி" என்று கொள்வதில்லை. அதற்கு முந்தைய முறையான நுழைவிலிருந்தே கணக்கு ஓடும்.

பிறகு ஒவ்வொரு இடைவெளியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை போனதா? எச்-1பி போன்ற ஸ்டேட்டஸ்களில் 60 நாள் வரை அவகாசம் உண்டு. இந்த விதி 2017 ஜனவரி 17 முதல் நடப்பில் இருக்கிறது. ஐ-94 அதற்குள் முடிந்தால் அவகாசமும் அதோடு முடியும். அவகாச நாட்களை மீறலாக எண்ண வேண்டாம், 61-ஆம் நாளிலிருந்து எண்ணுங்கள்.

சம்பளமில்லாமல் பெஞ்சில் (வேலை ஒதுக்காமல் காத்திருப்பில்) வைத்திருந்தார்களா? சட்டப்படி எச்-1பி ஊழியருக்கு வேலை இல்லாத நாளிலும் கம்பெனி சம்பளம் கொடுத்தாக வேண்டும். கொடுக்காதது கம்பெனியின் குற்றம். ஆனாலும் பே ஸ்டப் இல்லாத மாதத்தைப் பார்க்கும் அதிகாரி, நீங்கள் ஸ்டேட்டஸில் இருந்தீர்களா என்று கேட்பார். பெஞ்ச் காலத்தில் கம்பெனிக்கு அனுப்பிய மின்னஞ்சல்கள், பயிற்சிச் சான்றுகள் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் துறையிடம் சம்பளப் புகார் கொடுத்திருந்தால் அதன் நகல் பொன்னைப் போன்றது.

ஓபிடியில் (மாணவர்கள் படிப்பு சார்ந்து வேலை செய்ய அனுமதிக்கும் காலம்) வேலையில்லாமல் இருந்த நாட்களுக்கு 90 நாள் வரம்பு. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் படித்தவர்களுக்கான) நீட்டிப்பு கிடைத்தவர்களுக்கு மொத்தம் 150. அதைத் தாண்டிய நாட்களை எழுதுங்கள்.

ஈஏடி இடைவெளி இப்போது புதிய ஆபத்து. முன்பு எச்-4 (எச்-1பி ஊழியரின் குடும்பத்துக்கான விசா) ஈஏடி உள்ளிட்ட பல அட்டைகளுக்குப் புதுப்பித்தல் விண்ணப்பம் போட்டாலே தானாக நீட்டிப்பு இருந்தது. 2025 அக்டோபர் 30 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அட்டை முடிந்த மறுநாள் பழக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தால் அது அனுமதியற்ற வேலை. அரை மணி நேரம் வேலை செய்த நாளும் ஒரு முழு நாள். சனி, ஞாயிறு லீவு என்று கழிக்கவும் முடியாது. வேலை உறவு தொடரும் வரை எல்லா நாளையும் எண்ணுவார்கள். எச்-1பியில் இருந்துகொண்டு மாலை நேரத்தில் வாடகைக் கார் ஓட்டியதும் இதில் சேரும்.

நீட்டிப்பு மனு ஐ-94 முடியும் முன்பே போய்விட்டிருந்தால் நிலைமை வேறு. எச்-1பி நீட்டிப்பு நிலுவையில் இருக்கும்போது அதே கம்பெனியில் 240 நாள் வரை வேலை செய்யலாம். மனு ஒப்புதலானால் இடைவெளியே இல்லை. மறுக்கப்பட்டால் ஐ-94 முடிந்த நாளிலிருந்து ஸ்டேட்டஸ் தவறியதாக எண்ணப்படும்.

ஒரே நாளில் இரண்டு மீறல் இருந்தால் ஒரு நாளாகத்தான் கணக்கு. எனக்கு ஐ-94 முடிந்த பிறகும் வேலை தொடர்ந்தது, ஆனாலும் 117 என்பது 234 ஆகவில்லை.

ஐ-485 முறைப்படி போய்ச் சேர்ந்ததும் ஸ்டேட்டஸ் தவறிய நாட்களின் எண்ணிக்கை நின்றுவிடும். அனுமதியற்ற வேலையின் எண்ணிக்கை நிற்காது, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதும் ஓடும். 170-ல் இருக்கிற ஒருவர், விண்ணப்பம் போட்டாயிற்று என்ற தைரியத்தில் ஈஏடி வரும் முன் பத்து நாளுக்கு மேல் வேலை செய்தால் எல்லாம் போச்சு.

கணவன், மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். ஒருவரின் 180 மற்றவரோடு சேராது. எச்-4-ல் இருக்கும் பிள்ளையின் ஐ-94-ஐ யாரும் பார்ப்பதே இல்லை. நீட்டிப்பு மனுவில் அப்பாவின் பெயர் மட்டும் போய், டிபென்டன்ட் படிவம் மறந்துபோன வீடுகள் எனக்கே இரண்டு தெரியும்.

நான்காம் படி: மன்னிக்கப்படாதவை

245(கே) எல்லாவற்றையும் துடைத்துவிடாது. சோதனையின்றி எல்லை தாண்டி வந்தது, குற்ற வழக்குகள், மோசடி, பொய்த் தகவல் இவற்றுக்கு அது பொருந்தாது. பொய் சொல்லி விசாவோ ஸ்டேட்டஸோ பெற்றதாக முடிவானால் வாழ்நாள் தடை வரும். குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ ஆன துணைவருக்கு அல்லது பெற்றோருக்குக் கடும் துன்பம் நேரும் என்று நிரூபித்து ஐ-601 படிவம் வழியாக விலக்குக் கேட்கலாம், கிடைப்பது கடினம். அமெரிக்கக் குடிமகன் என்று பொய் சொன்னதற்கு, வேலையில் சேரும்போது ஐ-9 படிவத்தில் அந்தக் கட்டத்தை டிக் அடித்திருந்தாலும்கூட, கிரீன் கார்டுக்குப் பெரும்பாலும் விலக்கே இல்லை. இவற்றில் ஒன்று இருந்தால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு வக்கீலைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஸ்டேட்டஸ் தவறியதும் சட்டவிரோதமாகத் தங்கியதும் ஒன்றல்ல

நம் வாட்ஸாப் குழுக்களில் அதிகக் குழப்பம் இங்கேதான். வேலை போய் 60 நாள் தாண்டினால் ஸ்டேட்டஸ் தவறும். ஆனால் ஐ-94 இன்னும் முடியாமல், அதிகாரியோ நீதிபதியோ எதுவும் தீர்ப்புச் சொல்லாமல் இருந்தால், பொதுவாகச் "சட்டவிரோத இருப்பு" ஓடத் தொடங்காது. மாணவர் ஐ-94-ல் தேதிக்குப் பதில் "டி/எஸ்" (ஸ்டேட்டஸ் நீடிக்கும் வரை) என்று இருந்தாலும் அப்படித்தான். ஐ-94-ல் உள்ள தேதி தாண்டிவிட்டால் இரண்டும் சேர்ந்தே ஓடும். 18 வயது ஆகாதவர்களுக்குச் சட்டவிரோத இருப்பு சேராது.

ஏன் இந்தப் பிரிப்பு? சட்டவிரோத இருப்பு ஒரே தங்கலில் 180 நாளைத் தாண்டிய பிறகு நாட்டை விட்டு வெளியேறினால் 3 ஆண்டு திரும்ப முடியாது. ஒரு வருடம் ஆகிவிட்டிருந்தால் 10 ஆண்டு. தடை விழுவது வெளியேறும்போதுதான். அதனால் 180-ஐத் தாண்டியவருக்கு "ஊருக்குப் போய்ப் புது விசா ஸ்டாம்பிங் போட்டுக்கொண்டு வா" என்பது மிக மோசமான அறிவுரை. 180-க்குள் இருப்பவருக்கு அதே அறிவுரை பல சமயம் உயிர் காக்கும், ஏனென்றால் புதிய நுழைவோடு 245(கே) கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

எனக்கு வக்கீல் இரண்டு வழி சொன்னார். ஒன்று, தாமதமாகவே நீட்டிப்பு மனுப் போட்டு, முன்தேதியிட்டு ஏற்கும்படி கேட்பது. கட்டுப்பாட்டுக்கு மீறிய அசாதாரணக் காரணம் இருந்து, தாமதமும் அதற்கேற்ற அளவில் இருந்தால் அதிகாரி ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். மனு நிலுவையில் இருக்கும் நாட்கள் ஓடிக்கொண்டே இருக்கும். என் 180-ஆவது நாள் செப்டம்பர் 10. அதற்குப் பிறகு மறுப்பு வந்தால் வெளியேறவும் முடியாது, இருக்கவும் முடியாது. இரண்டாவது வழி, உடனே கிளம்புவது. ஜூலை 27-ல் 135-ஆவது நாளில் கிளம்பினேன்.

பாஸ்போர்ட்டில் இருந்த விசா 2020 வரை செல்லும் என்றாலும், ஐ-94 தேதியை ஒரு நாள் தாண்டினாலே அந்த விசா தானாகச் செல்லாததாகிவிடும். இதைத் தெரியாமல் பழைய விசாவோடு விமானமேறி, திரும்பும்போது மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. சென்னைத் துணைத் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பித்தேன். அனுமதித்த காலத்தைத் தாண்டித் தங்கினீர்களா என்று டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் நேராகவே கேட்கும். "ஆம்" என்று போட்டு, காரணத்தை நான்கு வரியில் எழுதினேன். அண்ணா சாலையில் அந்தக் கட்டிடத்துக்குள் நுழையும்போது கை நடுங்கியது. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அதிகாரி பழைய பாஸ்போர்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்துத் தேதியை ஒப்பிட்டார், எப்போது தெரிந்தது என்று கேட்டார். அவ்வளவுதான். செப்டம்பரில் திரும்பி இறங்கியதும் லக்கேஜ் பெல்ட் பக்கத்தில் நின்றபடியே போனில் ஐ-94-ஐத் திறந்து தேதியைப் பார்த்தேன். இன்றைக்கும் யார் ஊரிலிருந்து வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

இன்று கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 21 முதல், வெளிநாட்டில் இருப்பவருக்காகப் போடும் புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவித்தார்கள். கையில் செல்லுபடியாகும் மனு இருக்கிறதா, புதிய மனு தேவையா என்பதை உறுதிசெய்யாமல் டிக்கெட் போடாதீர்கள்.

எஃப்-1 மாணவர்களுக்கு ஸ்டேட்டஸை மீட்கும் வழி தனியாக உண்டு. தவறி 5 மாதத்துக்குள், அனுமதியின்றி வேலை செய்யாமல், கல்லூரி அதிகாரியின் பரிந்துரையோடு ஐ-539 படிவம் போட வேண்டும்.

ஆறாம் படி: விண்ணப்பத்தை உண்மையால் நிரப்புங்கள்

ஐ-485-ல் "எப்போதாவது ஸ்டேட்டஸ் நிபந்தனைகளை மீறியிருக்கிறீர்களா", "எப்போதாவது அனுமதியின்றி வேலை செய்திருக்கிறீர்களா" என்ற கேள்விகள் வரும். "எப்போதாவது" என்றால் வாழ்நாள் முழுவதும். 245(கே) கணக்கு கடைசி நுழைவிலிருந்து தொடங்குகிறது என்பதற்காக இதற்கு "இல்லை" என்று போடக் கூடாது. "யாரும் பார்க்க மாட்டார்கள், இல்லைன்னு போடுங்க சார்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகளை நான் நேரில் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது. 117 நாள் மீறலைச் சட்டமே மன்னிக்கிறது, அதை மறைத்து எழுதும் ஒரு பொய்யை மன்னிப்பதில்லை. மன்னிக்கப்படும் தவறை மன்னிக்கப்படாத தவறாக மாற்றிக்கொள்ள அந்த ஒரு டிக் போதும்.

"ஆம்" என்று போட்டால் ஒரு விளக்கக் கடிதம் இணையுங்கள். ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள், ஏன் நடந்தது, எப்போது தெரிந்தது, தெரிந்ததும் என்ன செய்தீர்கள், கடைசி முறையான நுழைவு எப்போது, அதன் பிறகு மொத்தம் எத்தனை நாள், ஆகவே 245(கே) எப்படிப் பொருந்துகிறது. அழுகையும் மன்றாடலும் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று பின்னால் இருக்கட்டும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. இடைவெளியில் வேலை செய்யவில்லை என்றால், அந்த மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கையையும் வையுங்கள்.

ஐ-485 கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 1,440 டாலர். 2024 டிசம்பர் 2 முதல் மருத்துவப் பரிசோதனைப் படிவம் ஐ-693-ஐயும் கூடவே வைக்க வேண்டும். வேலைவாய்ப்பை உறுதிசெய்யும், ஐ-485-ன் ஜே இணைப்பைக் கம்பெனி கையெழுத்திட்டுத் தரும்.

வக்கீல் விஷயத்தில் ஒரு வார்த்தை. கம்பெனி அமர்த்திய வக்கீல் கம்பெனிக்கும் சேர்த்துத்தான் வேலை செய்கிறார். பெஞ்ச் சம்பளம் போன்ற, கம்பெனியின் தவறும் கலந்த விஷயமென்றால் உங்கள் செலவில் இன்னொருவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். மாநில வழக்கறிஞர் மன்றத்தின் தளத்தில் அவர் உரிமம் செல்லுபடியாகிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது.

ஏழாம் படி: போட்ட பிறகு

கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால் பயப்பட வேண்டாம். கேட்டதற்கு மட்டும், கேட்ட தேதிக்குள், ஒரே தடவையில் எல்லாவற்றையும் அனுப்புங்கள். எச்-1பியைத் தொடர்ந்து வைத்திருக்க முடிந்தால் வைத்திருங்கள். 2025 பிப்ரவரி 28-ல் வந்த கொள்கைப்படி, விண்ணப்பம் மறுக்கப்பட்டு வேறு ஸ்டேட்டஸும் இல்லாதவர்களைக் குடியேற்ற நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிவிப்பு வரலாம். முன்பு மீறல் இருந்தவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவை.

பயணத்தையும் யோசித்துச் செய்யுங்கள். சட்டவிரோத இருப்பு நீண்டவர்கள் அட்வான்ஸ் பரோலில் போய் வருவதை "வெளியேறுதல்" என்று கொள்ளக் கூடாது என்று 2012-ல் அரபல்லி, யெர்ரபெல்லி வழக்கில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் முடிவுசெய்தது. இந்தியத் தம்பதி ஒன்றின் வழக்கு அது. என்றாலும் அதை மட்டும் நம்பி, வக்கீலைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம்.

கிரீன் கார்டு வந்ததும் இந்தக் கோப்பைத் தூக்கிப் போடாதீர்கள். பொதுவாக 5 ஆண்டு கழித்துக் குடியுரிமைக்காக என்-400 போடும்போது, கிரீன் கார்டே சட்டப்படி சரியாகக் கிடைத்ததா என்று அதிகாரி மறுபடியும் பார்ப்பார். விளக்கக் கடிதத்தின் நகல், நாள் கணக்குத் தாள், பழைய பாஸ்போர்ட், எல்லா ஐ-94-களும் அன்றைக்கும் வேண்டும். என்-400-ல் எழுதும் தேதிகள் ஐ-485-ல் எழுதியவற்றோடு ஒத்துப்போக வேண்டும்.